தேசம்மா வாயை நம்பலாமா?

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மாவின் முழங்கை வரை மீன் செதில் ஒட்டியிருந்தது. வலது கை பக்கவாட்டில் சரிந்து தொங்கியது. எடுத்து வயிற்றின் மேல் வைத்தோம், மறுபடி சரிந்தது. இடது கை மட்டும் என் வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"பேர் சொல்லுங்கம்மா."

"த்தா... த்தா..."

என் பேனாவைக் காட்டினேன். "இது என்ன?"

"த்தா."

சொல்லிவிட்டு அவரே முகத்தைச் சுளித்தார். தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கவாதத்தில் எனக்கு இன்றைக்கும் பார்க்கக் கஷ்டமான இடம் அதுதான். கை விழுவதைக்கூடப் பார்த்துவிடலாம்.

அவர் பெயர் தேசம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவர். திருவிடந்தையை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில், கரைக்கு வரும் மீனை ஏலம் விடுகிறவர். அவருக்குப் படகு கிடையாது, வலை கிடையாது, கடை கிடையாது. வாய்தான் தொழில். அந்த வாயைத்தான் அன்றைக்கு முற்பகலில், ஐஸ் பெட்டி ஏற்றும் குட்டி வண்டியில் வைத்துச் செங்கல்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் அப்போது அங்கே நரம்பியல் மேற்படிப்பு மாணவன்.

(போன வாரம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மதுராந்தகத்து வாசகர் ஒருவர், "தம்பி, இட்லியைப் பற்றியே எழுதுகிறீர்களே, மூளை எப்போது வரும்?" என்று கேட்டிருந்தார். வந்துவிட்டது, ஐயா.)

இரண்டு பேர், இரண்டு நேரம்

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. இடப்பக்க மூளைக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாயில் அடைப்பு. அந்தப் பக்கம்தான் பேச்சு இருக்கிறது. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் அந்த ஊசிக்கு ஒரு நிபந்தனை உண்டு. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாண்டிவிட்டால், ரத்தமில்லாமல் நைந்துபோன குழாய் உடைந்து மூளைக்குள் கசியலாம். உயிர் கொடுக்கும் மருந்தே உயிரை எடுத்துவிடும்.

எங்கள் பேராசிரியை கறாரான அம்மா. "கடைசியாக நன்றாக இருந்தது எப்போது? அதை மட்டும் தெரிந்துகொண்டு வா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஊசி மருந்தை எடுத்து வைக்கச் சொன்னார்.

வாசலில் தேசம்மாவின் கணவர் ஏழுமலை நின்றிருந்தார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் அறுந்திருந்தன.

"எப்போ ஆச்சு?"

"இப்பதான் சார். வூட்ல சோறு துன்னுகினு இருந்தா. அப்டியே சாஞ்சிட்டா."

"இப்பதான்னா?"

"இப்பதான் சார். ஏத்துனோம், வந்துட்டோம்."

திருப்போரூர் வழியாக அந்தக் குப்பத்திலிருந்து வந்து சேரவே நல்ல நேரம் பிடிக்கும். அதுவும் போகட்டும். முழங்கை வரை செதிலை வைத்துக்கொண்டு யார் சோற்றுக்கு உட்காருவார்கள்?

பக்கத்தில் இருந்த ஏழுமலையின் தங்கை வள்ளி முன்னால் வந்தார்.

"அண்ணன் இன்னாத்தக் கண்டுச்சு, அது கடல்ல இருந்துச்சு. அண்ணி எழுந்திரிக்கறப்பவே சரியில்ல சார். காலையில புடிச்சு அது பேசுனது எதுவுமே சொயநெனவுல பேசல. அத நல்லா கேட்டுக்கோ."

தூங்கி எழும்போதே சரியில்லை என்றால், கடைசியாக நன்றாக இருந்தது முந்தின இரவு. அப்படியானால் ஊசி கிடையாது. 'இப்பதான்' என்றால் ஊசி உண்டு. இரண்டில் எதை நம்பினாலும் ஆபத்து. தவறாக நம்பினால் தேசம்மா செத்துப்போகலாம். தவறாகச் சந்தேகப்பட்டால் வாழ்நாள் முழுவதும் 'த்தா'தான்.

இத்தினூண்டு கொழாய்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நான் எப்படி இந்த ரத்தக்குழாய்களிடம் வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா செய்யூர்ப் பக்கம் சவுக்கு வெட்டி லாரியில் ஏற்றுகிறவர். அம்மா வேர்க்கடலை பறிக்கப் போவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய், கடைசி வரை படித்த முதல் ஆள் நான். டாக்டர் ஆனபோது அப்பா தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார். நான் மறுபடி படிக்கப்போகிறேன், அதற்கப்புறம் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றதும் கவலைப்பட்டார்.

"இன்னாத்த ஆராய்ச்சி பண்ணப் போற?"

"மூளைக்குள்ள இருக்கற ரத்தக்குழாய் நைனா."

"எவ்ளோ பெருசு இருக்கும்?"

விரல் நுனியில் அளவு காட்டினேன். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன்.

"இத்தினூண்டு கொழாய்க்கா இத்தினி வருசம் படிப்ப?"

"அது அடைச்சிக்கினா கை கால் போயிடும் நைனா. பேச்சு போயிடும்."

அப்பா யோசித்தார். அவருடன் சவுக்கு ஏற்றிய ஒருவர் அப்படித்தான் லோடு மேலேயே மடங்கி விழுந்திருந்தார். "அப்ப சரி, படி" என்றார். எனக்குக் கிடைத்த பெரிய அனுமதிகளில் அது ஒன்று.

மேல்நாட்டுப் புத்தகங்கள் கழுத்தில் இருக்கும் குழாயைப் பற்றி அதிகம் பேசும். நம் பக்கத்து நோயாளிகளில் பலருக்கு மண்டைக்குள்ளே இருக்கும் குழாயிலேயே சுருக்கம் இருப்பதைப் பார்த்தேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. பொட்டு எலும்பின் மேல், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், கொஞ்சம் ஜெல்லைத் தடவி பேனா மாதிரி ஒன்றை வைத்தால், உள்ளே ரத்தம் ஓடும் ஓசை ஸ்பீக்கரில் கேட்கும். எலும்பு அங்கே மெல்லியதாக இருக்க வேண்டும். சிலருக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, எலும்பு தடித்து ஒன்றுமே கேட்காது.

கருவி கைக்கு வந்ததும் முதலில் அப்பா அம்மாவுக்குத்தான் வைத்துப் பார்த்தேன். அப்பாவின் பொட்டில் வைத்ததும் 'வுஷ்... வுஷ்...' என்று அறை முழுக்கக் கேட்டது. "பம்புசெட்டு மாரி கீது" என்றார். அம்மாவுக்கு எந்தப் பக்கம் வைத்தும் சத்தமில்லை.

"மண்டை எலும்பு கெட்டிம்மா உனக்கு."

"இத உங்கப்பன் கண்ணாலம் கட்டுன அன்னிக்கே சொல்ட்டாரு. இதுக்கு மெசினு வேறயா?"

அன்றைக்கு அப்பா சிரித்த சிரிப்பு எந்தக் கருவியும் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

கரையின் சட்டம்

செங்கல்பட்டு வாசலுக்கு வருவோம். ஏழுமலையைத் தனியாகத் தூணோரம் அழைத்துப் போனேன். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். அதுவரை நான் பேசியது மருத்துவமனைத் தமிழ். அதையும் கழற்றினேன்.

"அண்ணாத்த, நான் செய்யூராண்டதான். எங்கப்பா சவுக்கு லோடு ஏத்துறவரு. உன் சட்ட எப்டிக் கிழிஞ்சுது?"

அவர் பொத்தான் இல்லாத இடத்தைக் கையால் மூடினார்.

"காதர் பாய் கூட சண்ட சார்."

"இன்னாத்துக்கு?"

"கேசு ஆயிடுமா சார்?"

"நான் போலீசு இல்ல. நீ சொல்லாங்காட்டி அக்காவுக்கு ஊசி போட முடியாது."

சொன்னார். அன்றைக்கு இரண்டாவது படகின் ஏலத்தில் தேசம்மா விலையைக் கூப்பிடும்போது, ஏற வேண்டிய விலை இறங்கியது. மூவாயிரம் என்றவர் அடுத்ததாக இரண்டாயிரம் என்றார். மீன் வியாபாரி காதர் பாய் "எனக்கு" என்று கையைத் தூக்கிவிட்டார். அந்தக் கரையில் ஒரு சட்டம் உண்டு. ஏலத்தில் வாயில் வந்த விலை வந்ததுதான். திருப்பி எடுக்க முடியாது. கூப்பிட்டவர் தவறினால் நஷ்டம் கூப்பிட்டவர் தலையில். கூட்டம் சத்தம் போட்டது. தேசம்மா ஏதோ பதில் சொல்ல வாயெடுத்து, வராமல், உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தில் உட்கார்ந்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏழுமலை கரையேறியபோது சண்டை முற்றியிருந்தது. பாயின் சட்டையை இவர் பிடிக்க, இவர் சட்டையைப் பாயின் ஆட்கள் பிடித்தார்கள். அந்த அமளி அடங்கிய பிறகுதான் தேசம்மா எழுந்திருக்கவில்லை என்பதை ஒருவர் கவனித்திருக்கிறார்.

ஒரு மூளை கண்ணெதிரே பேச்சை இழந்துகொண்டிருந்தது. கரையே கூடி நின்று, அது சொன்ன விலை செல்லுமா செல்லாதா என்று வாதாடியிருக்கிறது. எண் தடுமாறினால் நோய் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. அங்கே எண் என்றால் வாக்கு.

இப்போது எனக்கு இரண்டு பதில்களும் புரிந்தன. அடிதடி வெளியே வரக்கூடாது என்று ஏழுமலை, வீட்டில் சாப்பிடும்போது நடந்ததாகச் சொன்னார். காலையிலிருந்தே சுயநினைவு இல்லை என்று டாக்டர் வாயால் வந்துவிட்டால் அந்த ஏலம் செல்லாது என்று வள்ளி கணக்குப் போட்டிருந்தார். இரண்டு பேருமே தேசம்மாவுக்காகத்தான் பொய் சொன்னார்கள்.

ஏலத்தின் தொடக்கத்தில் தேசம்மா நன்றாக இருந்தாரா? வள்ளி அப்போது கரையில் இல்லை. ஏழுமலை கடலில். ஏலத்தில் நின்றவர்களில் ஏழுமலையின் போனில் எண் இருந்தது காதர் பாய் ஒருவருக்குத்தான். அவருக்கும் அந்த ஏலத்தில் ஆதாயம் இருந்தது.

வலது கையில் வஞ்சிரம்

ஏழுமலையின் போனிலிருந்தே கூப்பிட்டேன்.

"வாங்குன மீனு வாங்குனதுதான்" என்றுதான் போனை எடுத்தார் பாய். "ஊரக் கூட்டினு வந்தாலும் திருப்பித் தர மாட்டேன்."

"பாய், நான் செங்கல்பட்டுல டாக்டர். மீனப் பத்திப் பேசல. தேசம்மா அக்காவுக்குப் பக்கவாதம். பேச்சு வரல."

அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

இறங்கிய விலையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் எந்த வியாபாரியும் தன் பேரத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார்.

"அதுக்கு முன்னால, மொதப் படகு ஏலத்துல அக்கா உங்களாண்ட இன்னா பேசுச்சு? அது சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"அது எதுக்கு தம்பி உங்களுக்கு?"

"சொல்லுங்க பாய்."

"நக்கல் பண்ணுச்சு, வேற இன்னா. ஒரு வஞ்சிரத்த தூக்கிக் காட்டி, 'பாய், உன் பொண்ணு நிக்கா பிரியாணில போட்ட கறிய வுட இதுல சதை ஜாஸ்தி, யோசிக்காத, ஏத்து'ன்னுச்சு. எல்லாம் சிரிச்சானுங்க. மானம் போவுதேன்னு ஏத்துனேன்."

"எந்தக் கையால தூக்குச்சு?"

"சோத்துக் கையாலதான். ஒத்தக் கையில. இம்மாம் பெருசு மீனு."

எனக்கு அந்தத் தூணோரத்திலேயே உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு கிண்டல் சொல்ல மூளையில் எத்தனை இடங்கள் வேலை செய்ய வேண்டும் என்று என்னைக் கேளுங்கள். கல்யாண விருந்து நினைவில் வர வேண்டும், ஒப்பிட வேண்டும், ஆளைப் பார்த்து அளந்து குத்த வேண்டும். அதுவும் வலது கையில் முழு வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முதல் படகு ஏலத்தின்போது தேசம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை.

"அது எந்த நேரம் பாய்?"

"நேரம் யாரு பாத்தது? பள்ளிக்கூட வேன் ரோட்ல நின்னு ஹாரன் அடிச்சிகினே இருந்தான். என் டிரைவரு போய் வண்டிய ஒதுக்குனான்."

வள்ளியின் மகள் அந்த வேனில்தான் போகிறாள் என்றார் ஏழுமலை. வேன் வரும் நேரம் வள்ளிக்குத் தூக்கத்திலும் தெரியும். வள்ளியைக் கூப்பிட்டுக் கேட்டுக் கணக்குப் பார்த்தேன். அவகாசம் இருந்தது. அதிகம் இல்லை.

போனை வைக்கப்போனபோது பாயே பேசினார்.

"தம்பி, ரெண்டாவது படகுல அதுக்கு நாக்கு கொழகொழன்னுச்சு. வெத்தல போட்டுனு பேசுதுன்னு நெனச்சேன். நோவுன்னு தெரிஞ்சிருந்தா கையத் தூக்கியிருக்க மாட்டேன். அந்த மீனு எனக்கு வேணாம், ஏழுமலையாண்ட சொல்லிடுங்க."

ஓசை திரும்பியது

பேராசிரியையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வஞ்சிரம், பிரியாணி உட்பட. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "இப்படி ஒரு சான்றை நான் இதுவரை கேட்டதில்லை. போடு" என்றார்.

முதலில் கொஞ்சம் மருந்து ஒரே வேகத்தில் உள்ளே போகும். மீதி சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே தேசம்மாவின் இடது பொட்டில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தேன். எலும்பு வழிவிடுமோ விடாதோ என்று கருவியை இம்மி இம்மியாக நகர்த்தினேன். விட்டது. ஆனால் கேட்டது துடிப்பில்லாத ஒரு மெல்லிய இழுப்பு. நன்றாக மூடாத குழாயில் காற்று கசிவது போல.

கையை அசைக்காமல் பிடித்திருந்தேன். தோள் மரத்தது. நர்ஸ் அக்கா ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தத்தைச் சத்தமாகச் சொன்னார். ஜெல் வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடித்தன.

மருந்து பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். இழுப்பு சற்றே தடித்தது. பிறகு விட்டு விட்டு ஒரு தட்டல். பிறகு அந்தத் தட்டல்களுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க 'வுஷ்... வுஷ்... வுஷ்' என்று முழு வீச்சில் ரத்தம் ஓடியது. பேராசிரியை வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

தேசம்மாவின் வலது கை விரல்கள் விரிப்பைச் சுரண்டின.

எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை போகாத ஓர் இடத்துக்கு நான் வந்திருந்தேன். பெருமைப்பட்டேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்த ஓசையைக் கேட்டவர்கள் யாரும் கூச்சப்பட மாட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. 'எத்தனை மணிக்கு?' என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. 'இவர் கடைசியாக உங்களிடம் என்ன பேசினார்? அதை அப்படியே சொல்லுங்கள்' என்றும் கேட்கிறோம். நேரத்தைப் பயத்தில் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். ஒருவர் திட்டியதையும் கிண்டலடித்ததையும் மாற்றிச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. என் ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பகுதியே உண்டு.

கரையில் ஒரு காலை

கை முழுவதும் திரும்பியது. பேச்சு பாதிதான் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கிவிட்டால் தேசம்மா தடையில்லாமல் எண்ணிக்கொண்டே போவார். நடுவில் நிறுத்தி ஓர் எண்ணைக் கேட்டால் உதடு தேடும். பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கோபித்துக்கொள்வார். அந்தக் கோபத்துக்கும் சொல் கிடைக்காமல் இன்னும் கோபம் வரும்.

சில மாதங்கள் கழித்து, குப்பத்து மக்களுக்குக் கருவி வைத்துப் பார்க்க நாங்கள் திருவிடந்தைப் பக்கம் போயிருந்தோம். தேசம்மா அன்றைக்குத்தான் கரைக்குத் திரும்புகிறார் என்றார்கள். மணலில் பெண்களும் வியாபாரிகளும் கூடியிருந்தார்கள். அன்று விலை இறங்கிப்போன அந்த இரண்டாவது படகின் சொந்தக்காரர் கன்னியப்பன் நேராக என்னிடம் வந்தார்.

"டாக்டரு, நீயே சொல்லு. இந்தம்மா வாய நம்பலாமா? எங்க பொழப்பு இது."

தேசம்மா கேட்கும் தூரத்தில் நின்றிருந்தார். நம்பலாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை. ஆனால் எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவா இத்தனை படிப்பு?

"வரிசையா எண்ணுது. நடுவுல நிறுத்துனா தெணறுது. ஏலத்துல இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது அண்ணாத்த."

தேசம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ஏழுமலை தான் வேலைக்குப் போகும் படகிலிருந்து தன் பங்குக் கூடையைத் தூக்கிவந்தார். சங்கரா மீனும் கவலை மீனும் கலந்து கிடந்தன. மனைவியின் காலடியில் கவிழ்த்தார்.

தேசம்மா தொடங்கினார். முன்பிருந்த வேகம் இல்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். ஐந்நூறு. அறுநூறு. எழுநூறு. காதர் பாய் தலையசைத்தார். எண்ணூறு. பின்னாலிருந்து ஒருவர் வரிசையைத் தாண்டி ஒரே எட்டில் ஆயிரத்து இருநூறு என்று கேட்டார்.

அதைத் திருப்பிச் சொன்னால்தான் ஏலம் நகரும். தேசம்மாவின் உதடு குவிந்தது, விரிந்தது. ஒன்றும் வரவில்லை. ஒருத்தி எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தாள். தேசம்மா வலது கையை நீட்டி அவளை நிறுத்தினார். ஒரு அலை வந்து போனது.

"ஆயிரத்து... இருநூறு" என்றார். பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "முந்நூறு யாரு?"

காதர் பாய் கையைத் தூக்கினார். முடிந்தது. மீன் கை மாறியது.

அடுத்த படகு கன்னியப்பனுடையது. அவர் கூடையோடு மணலில் ஏறி வந்தார். என் பக்கம் திரும்பவில்லை, என்னை எதுவும் கேட்கவில்லை. தேசம்மாவின் முன்னால் முழுக் கூடையையும் கவிழ்த்துவிட்டு, தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

தேசம்மா குனிந்து மீனைப் பிரித்தார். நிமிர்ந்தவர் கண்ணில் முதலில் நான்தான் பட்டேன்.

"இன்னா டாக்டரே, மீனு... வாங்கப் போறியா? இல்லன்னா தள்ளி நில்லு. வாங்கறவன்... மறைக்காத."

கூட்டம் சிரித்தது. நான் தள்ளி நின்றேன்.